டென்மார்க் தரைப்படையின் பிராந்தியக் கட்டளையகங்கள்: சண்டை போடும் தலைமையா, சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸா?

காகிதத்தளபதி:

வணக்கம் நண்பர்களே. பனிப்போர் காலத்துப் பால்டிக் கடலை வைத்து ஒரு பலகை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். வரைபடம் முடிந்துவிட்டது. போலந்து, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி மூன்றுக்கும் அட்டைத் துண்டுகள் வெட்டி எண் ஒட்டியாகிவிட்டது. டென்மார்க்கில் வந்து மாட்டிக்கொண்டேன்.

டேனிஷ் தரைப்படையில் லான்ஸ்டேல்ஸ்கொமாண்டோ என்று இரண்டு தலைமைகள் இருந்தன. லான்ஸ்டேல் என்றால் நாட்டின் ஒரு பாகம். தமிழில் பிராந்தியக் கட்டளையகம் என்று வைத்துக்கொள்கிறேன். மேற்குக்கு ஒன்று, ஓர்ஹூஸ் நகரில். கிழக்குக்கு ஒன்று, ரிங்ஸ்டெட்டில். இதுவரை சரி. ஆனால் ஜட்லாந்து டிவிஷன் (ஜட்லாந்து என்பது மேற்கே இருக்கும் தீபகற்பம், டிவிஷன் என்பது சில பிரிகேடுகள் சேர்ந்த படை) என்று இன்னொன்று ஃபிரெடெரிசியாவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே லேண்ட்ஜட் என்று ஒரு நேட்டோ கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) தலைமையகம், அதுவும் ஜெர்மன் மண்ணில், ரென்ட்ஸ்பர்க்கில். அதற்கும் மேலே காரூப்பில் பால்டாப் என்ற நேட்டோ கட்டளை. ஒரு பிரிகேடுக்கு எத்தனை மாமியார்?

என் கேள்வி ஒன்றுதான். பிராந்தியக் கட்டளையகம் சண்டை நடத்தும் தலைமையா, இல்லை சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸா? அதற்கு நான் ஒரு அட்டைத் துண்டு வெட்ட வேண்டுமா, வேண்டாமா?

மூன்றாம்பெஞ்ச்:

1940இல் காலை டிபனுக்கு முன்னாலேயே சரணடைந்த நாடு. அட்டையே வேண்டாம், ஒரு வெள்ளைத் துணி வெட்டி வையுங்கள்.

பழைய_வரைபடம்:

மூன்றாம்பெஞ்ச், இந்த ஜோக்கை டென்மார்க் பற்றிய எல்லா இழைகளிலும் யாராவது ஒருவர் போட்டுவிடுகிறார். போகட்டும், ஆனால் அந்தக் காலைப் பொழுதிலேயே இவர் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

1940 ஏப்ரல் 9, விடியற்காலை 4 மணி சுமாருக்கு ஜெர்மன் படை எல்லை தாண்டியது. டேனிஷ் தரைப்படையில் அன்று இரண்டே டிவிஷன்கள்: சீலாந்து (கோபன்ஹேகன் இருக்கும் கிழக்குத் தீவு) டிவிஷன் ஒன்று, ஜட்லாந்து டிவிஷன் ஒன்று. ‘பக்கத்து நாட்டைச் சீண்டியது போல ஆகிவிடும்’ என்று எல்லையில் முன்கூட்டியே பள்ளம் தோண்டக்கூட அரசு விடவில்லை. தலைமைத் தளபதி பிரியர் படையைத் திரட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தெற்கு ஜட்லாந்தில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்ச் சாலை ஓரத்தில் சிறு பீரங்கியை நிறுத்திச் சுட்டவர்கள் இருந்தார்கள். பிரேடேவாட், ஹாடர்ஸ்லேவ் போன்ற ஊர்களில் உண்மையாகவே சண்டை நடந்தது. டென்மார்க் தரப்பில் 16 பேர் இறந்தார்கள்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அதே காலையில் ஜெர்மானியர்கள் கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து ஒரு பட்டாலியனை இறக்கினார்கள். கோர்சோர், நியூபோர்க் என்ற இரண்டு படகுத் துறைகளையும் பிடித்தார்கள். மிடில்ஃபார்ட் பாலத்தைப் பிடித்தார்கள். தெற்கே மாஸ்னடோ தீவில் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். பாராசூட்டில் இறங்கித் தாக்கியது போர் வரலாற்றில் அதுதான் முதல் தடவை என்பார்கள். வரைபடத்தில் இந்த ஊர்களுக்கு ஒவ்வொரு புள்ளி வையுங்கள். எல்லாமே நாட்டின் ஒரு துண்டை இன்னொரு துண்டோடு இணைக்கும் இடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் டென்மார்க் மூன்று துண்டாகிவிட்டது. சீலாந்தில் இருந்த தளபதியால் ஜட்லாந்தில் இருந்த படைக்கு ஒரு வண்டி தோட்டாகூட அனுப்ப முடியாத நிலை.

தலைநகர் ஒரு தீவில். பெரிய நிலப்பரப்பு ஒரு தீபகற்பத்தில். நடுவில் ஃபியூன் தீவு. ஃபியூனுக்கும் சீலாந்துக்கும் இடையில் ஸ்டோரபெல்ட் நீரிணை, சுமார் 18 கிலோமீட்டர் தண்ணீர். பிராந்தியக் கட்டளையகத்தை உருவாக்கியது தரைப்படை ஆபீசர்கள் இல்லை, அந்தத் தண்ணீர்தான்.

யூலன்ட்வாசி:

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா? நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே அகதியாக வந்தேன். கோபன்ஹேகனில் சில கிழமை, பிறகு ஜட்லாந்துக்கு அனுப்பினார்கள். (இங்கே யூலன்ட் என்றுதான் சொல்வார்கள். டென்மார்க்கில் எங்கள் சனம் கனக்கப் பேர் இந்தப் பக்கம்தான், ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ என்று.)

கோர்சோரில் ரயில் நின்றது. இறங்கச் சொல்வார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். பக்கத்தில் இருந்த கிழவி கையைப் பிடித்து இருக்கச் சொன்னார். ரயில் பெட்டிகளை அப்படியே தண்டவாளத்தோடு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள்! இரும்புச் சத்தம், டீசல் மணம். மேல் தட்டுக்கு ஏறிப் போனால் கோப்பிக்கடை, சிகரெட் புகை, சாய்வு வாங்குகளில் பச்சைச் சட்டை போட்ட ராணுவப் பெடியன்கள் கிட்பேக்கைத் தலைக்கு வைத்து நித்திரை. எனக்கு நெஞ்சு பக்கென்றது. யூனிஃபோர்மைக் கண்டால் ஓடிப் பழகிய ஆள் நான். பிறகுதான் தெரிந்தது, கிழமை முடிவு லீவுக்கு வீடு போகிற கட்டாய சேவைப் பெடியன்கள் என்று. ஒருவன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை.

கடந்து முடிக்க ஒரு மணித்தியாலம். ஏற்றி இறக்குவது வேறு. ஒரு ரயிலுக்கே இந்தப் பாடு என்றால் டாங்கி பிரிகேடுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

காகிதத்தளபதி:

அண்ணா, இது போதும். நீரிணையைக் கடக்க ஒரு முழு சுற்று, எதிரி விமானம் இருந்தால் கடக்கவே முடியாது என்று விதி எழுதிவிட்டேன்.

பழைய_வரைபடம் அவர்களே, அப்படியானால் இந்தப் பிரிவினை நேட்டோ காலத்துக்கு முன்பே இருந்ததா? 1949க்குப் பிறகு அமெரிக்கர்கள் வந்து போட்ட கோடு என்று நினைத்திருந்தேன்.

பழைய_வரைபடம்:

இல்லை, கோடு பழையது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டோரபெல்ட்டுக்குக் கிழக்கே ஒரு ஜெனரல்கொமாண்டோ, மேற்கே ஒன்று என்று இருந்தது. பெயர் மாறும், தலைமையகம் ஊர் மாறும், கோடு மட்டும் அதே தண்ணீர்மேல்தான்.

பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் டென்மார்க் போட்ட 1864 போரை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 5-6 இரவில் ஜெனரல் டி மெட்சா, டான்னவிர்க்கே என்ற பழைய மண் அரணைக் கைவிட்டுப் படையைப் பனியில் பின்வாங்கச் செய்தார். படை பிழைத்தது, அவர் வேலை போனது. ஏப்ரல் 18 அன்று டிப்பல் என்ற அரண் வரிசை விழுந்தது. ஜூன் 29 அன்று பிரஷ்யர்கள் படகில் கடந்து ஆல்ஸ் தீவைப் பிடித்தார்கள். ஜட்லாந்து முழுவதும் எதிரி கையில். ஆனால் சீலாந்தில் ஒரு பிரஷ்ய சிப்பாய்கூடக் கால் வைக்கவில்லை. நடுவில் கடல், கடலில் டேனிஷ் போர்க்கப்பல்.

அதற்குப் பிறகு ஐம்பது அறுபது வருஷம் டென்மார்க்கில் ஒரே சண்டை: எதைக் காப்பது? ஒரு கட்சி ‘தலைநகரைக் காத்தால் போதும், மேற்கை விட்டுவிடலாம்’ என்றது. அதன் விளைவுதான் கோபன்ஹேகனைச் சுற்றி 1888க்கும் 1892க்கும் இடையில் கட்டிய வெஸ்ட்வோல்டன், சுமார் 14 கிலோமீட்டர் நீள மண் அரணும் அகழியும். பாராளுமன்றம் பட்ஜெட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரதமர் எஸ்ட்ருப் தற்காலிகச் சட்டம் போட்டு வருஷக்கணக்கில் பணம் ஒதுக்கினார். முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை, ஆனாலும் சுமார் 50,000 பேரைக் காவலுக்கு அழைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதி தலைநகரைச் சுற்றித்தான். ஜட்லாந்துக்காரன் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருப்பான்? ‘எங்கள் வரிப்பணத்தில் உங்கள் ஊருக்கு மதில்’ என்றுதானே?

இரண்டாவது உலகப் போர் முடிந்தபின் நிலை தலைகீழ். 1947 முதல் 1958 வரை டேனிஷ் பிரிகேட் ஒன்று ஜெர்மனியிலேயே ஆக்கிரமிப்புப் படையாக இருந்தது, 1949க்குப் பின் இட்செஹோவில். 1949இல் நேட்டோவில் சேர்ந்தார்கள். பயம் இப்போது இரண்டு பக்கத்திலிருந்து: ஹாம்பர்க் வழியாகத் தரையில் ஏறி வரும் டாங்கி, பால்டிக் வழியாகக் கடலில் வரும் இறங்குபடை. தெற்குக் கதவு ஜட்லாந்தில், கிழக்குக் கதவு சீலாந்தில். எந்தக் கதவுக்கு உதவி வேண்டுமானாலும் நடுவில் படகு. 1950களின் தொடக்கத்தில் இரண்டு பிராந்தியக் கட்டளையகங்கள் உருவானது இதனால்தான்.

உப்புக்கணக்கு:

‘சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸ்’ என்று ஆரம்பத்திலேயே ஒரு இளக்காரம் தெரிகிறது. நான் ராணுவத்தில் சப்ளை பிரிவில் 17 வருஷம் இருந்தவன், வேறு நாடு, வேறு படை. ஆனாலும் சொல்கிறேன். டேனிஷ் மாதிரிப் படையில் ஆபீஸ்தான் படை.

எப்படி என்றால், பனிப்போர் காலத்தில் அவர்களுடைய பிரிகேடுகளில் எப்போதும் முழு ஆள்பலம் இருந்ததில்லை. கொஞ்சம் நிரந்தர ஆட்கள், கொஞ்சம் கட்டாய சேவைக்காரர்கள், மீதி வீட்டில் இருப்பவர்கள். பால் பண்ணைக்காரன், வாத்தியார், தச்சன். கடிதமோ ரேடியோ அறிவிப்போ வந்தால் அவன் எங்கே போக வேண்டும்? எந்தக் கிடங்கில் அவனுக்குத் துப்பாக்கி? லாரி யாருடையது? ஊர் பஞ்சாயத்தின் லாரியா, தனியாருடையதா? டீசல் எங்கே? எந்தப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாகும்? எந்தப் பாலத்துக்கு யார் காவல்? இதையெல்லாம் டிவிஷன் கமாண்டர் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எல்லைக்கு எப்போது போவது?

ஆக பிராந்தியக் கட்டளையகத்துக்குக் கீழே ராணுவ மண்டலங்கள், மண்டலத்துக்குள் ரெஜிமென்டுகள், கிடங்குகள். ரெஜிமென்ட் என்பது அங்கே சண்டை போடும் பிரிவு என்பதைவிட ஆள் எடுத்து, பழக்கி, பட்டியல் வைத்து, அழைத்து அனுப்பும் வீடு. போர் வந்தால் அந்த வீட்டிலிருந்து பட்டாலியன்கள் பிரிந்து வேறு வேறு பிரிகேடுக்குப் போய்விடும். தாய் வீடு அங்கேயே இருக்கும்.

இன்னொன்று. டென்மார்க் சமாதான காலத்தில் தன் மண்ணில் வெளிநாட்டுத் தளம் வேண்டாம், அணு ஆயுதம் வேண்டாம் என்று 50களிலேயே சொல்லிவிட்டது. ஆகவே பிரிட்டிஷ் நடமாடும் படை போன்ற உதவியெல்லாம் நெருக்கடி வந்த பிறகுதான் கப்பலேறி வர வேண்டும். வந்து இறங்குபவனுக்கு ரயில், படுக்க இடம், வழிகாட்டி, போக்குவரத்துப் போலீஸ் யார் தருவது? அந்த ஆபீஸ்தான். நீங்கள் அட்டை வெட்டாவிட்டால் உங்கள் விளையாட்டில் பிரிட்டிஷ்காரர்கள் துறைமுகத்திலேயே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மூன்றாம்பெஞ்ச்:

சரி சரி, வெள்ளைத் துணியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். உப்புக்கணக்கு ஐயா சொல்வது நிர்வாகம். பழைய_வரைபடம் சொல்வது சண்டை. இரண்டும் ஒரே ஆளா? போர் வந்தால் ஓர்ஹூஸில் இருக்கும் ஜெனரல் கையில் படை இருக்குமா இருக்காதா?

பழைய_வரைபடம்:

நல்ல கேள்வி, முதல் தடவையாக. பதில் என்னவென்றால், மேற்கும் கிழக்கும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே மாதிரி இல்லை. பட்டியல்களை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள், நானும் முன்பு வழுக்கினேன்.

மேலிருந்து வருவோம். 1962இல் பால்டாப், அதாவது பால்டிக் நுழைவாயில்களுக்கான நேட்டோ கூட்டுக் கட்டளை, காரூப்பில் வந்தது. டென்மார்க் மட்டும் இல்லை, எல்பெ ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஜெர்மன் பகுதியும் அதற்குள். அதற்கும் மேல் ஒஸ்லோ பக்கத்தில் கோல்சோஸ் என்ற ஊரில் நேட்டோவின் வடக்குக் கட்டளை. டென்மார்க்கில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு முடிந்து 17 வருஷம்தான் ஆகியிருந்தது. டேனிஷ் வீரனுக்கு ஜெர்மன் ஜெனரல் உத்தரவு போடுவதா என்று ஊரே கொதித்தது. அதனால் பால்டாப் தளபதி எப்போதும் டேனிஷ்காரர் என்று ஏற்பாடு. ரென்ட்ஸ்பர்க்கில் இருந்த லேண்ட்ஜட்டுக்கு மட்டும் டேனிஷ் ஜெனரலும் ஜெர்மன் ஜெனரலும் மாறி மாறி.

இப்போது மேற்கு. சமாதான காலத்தில் ஜட்லாந்திலும் ஃபியூனிலும் உள்ள எல்லாமே ஓர்ஹூஸின் பொறுப்பு. சைரன் ஊதியதும் மூன்று பிரிகேடுகளோடு ஜட்லாந்து டிவிஷன் தெற்கே இறங்கி லேண்ட்ஜட் கைக்குப் போய்விடும். அங்கே அதன் பக்கத்தில் ஜெர்மனியின் 6ஆவது கவசக் காலாட்படை டிவிஷன். அதாவது டென்மார்க்கின் முக்கியப் படை டென்மார்க்குக்கு வெளியே, ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் நின்று டென்மார்க்கைக் காக்கும். ஓர்ஹூஸ் ஜெனரல் கையில் மிஞ்சுவது உப்புக்கணக்கு சொன்ன மண்டலங்கள், துறைமுகம், விமானத்தளம், பாலம், வரும் உதவிப்படையை வரவேற்பது. பிள்ளையை வளர்த்து அனுப்பிவிட்டு வீட்டைக் காக்கும் வேலை.

கிழக்கு அப்படி இல்லை. சீலாந்தில் இரண்டு பிரிகேடுகளும் வேறு சில சண்டைக் குழுக்களும்தான். அவை எங்கேயும் போகப் போவதில்லை, தீவிலேயேதான் சண்டை. அதனால் ரிங்ஸ்டெட் ஜெனரல் சைரன் ஊதியதும் தொப்பியை மட்டும் மாற்றுவார்: லேண்ட்சீலாந்து என்ற நேட்டோ கட்டளையின் தளபதி. அதே ஆள், அதே ஊர், கீழே அதே படை. அவருக்கு எதிரே நிற்பது போலந்தின் 7ஆவது கடல்இறங்கு டிவிஷன், கிராக்குவிலிருந்து பறந்து வரக்கூடிய 6ஆவது வான்வழி டிவிஷன். கோகெ குடாவிலோ ஃபாக்செ குடாவிலோ கரையேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

ஆகவே மூன்றாம்பெஞ்ச், ஓர்ஹூஸ் ஜெனரல் கையில் படை குறையும், ரிங்ஸ்டெட் ஜெனரல் கையில் அப்படியே இருக்கும்.

சுண்ணாம்புக்குகை:

ஃபாக்செ பக்கம் பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன். போன கோடையில் ஸ்டெவன்ஸ்ஃபோர்ட் கோட்டையைப் பார்த்தேன். கடலோரம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதற்குள்ளே சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதை. வெளியே வெயில் அடித்தது, உள்ளே இறங்கியதும் பல் கிட்டியது. வருஷம் முழுக்க 10 டிகிரிதானாம். சுவரைத் தொட்டால் விரலில் வெள்ளை ஒட்டுகிறது. மூன்றடுக்குக் கட்டில், சமையலறை, ஆஸ்பத்திரி அறை. மேலே இரட்டைக் குழல் 15 சென்டிமீட்டர் பீரங்கிக் கோபுரம். எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மன் போர்க்கப்பல் க்னைசெனாவின் பீரங்கிகள்! போரில் ஜெர்மானியர்கள் அவற்றைக் கொண்டுவந்து ஃபானோ தீவில் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் டேனிஷ்காரர்கள் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டார்கள். வீணாக்காத மனுஷர்கள்.

2000 வரை அங்கே ஆள் இருந்திருக்கிறது. 2008இல் மியூசியம். கிழக்குக் கட்டளையகத்தின் முன் வாசல் அதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய_வரைபடம்:

அருமை. ஒரே ஒரு திருத்தம்: ஸ்டெவன்ஸ்ஃபோர்ட் கடற்படையின் கோட்டை, தரைப்படையுடையது இல்லை. அதன் ஜோடி லாங்கெலாண்ட் தீவில். 1962இல் கியூபாவுக்கு ஏவுகணை ஏற்றிப் போன சோவியத் கப்பல்கள் நீரிணை வழியாகப் போனதை லாங்கெலாண்ட்காரர்கள்தான் பார்த்துத் தகவல் கொடுத்தார்கள். கோட்டை தாமதப்படுத்தும், அதையும் மீறிக் கரையேறுபவனைத் தடுப்பது ரிங்ஸ்டெட்டின் வேலை.

யூலன்ட்வாசி:

மண்டலங்கள் பற்றி உப்புக்கணக்கு ஐயா எழுதினதில் ஒரு ஆளை விட்டுவிட்டார். ஹேமவெர்னெட். 1949இல் தொடங்கினது. தமிழில் ஊர்க்காவல் படை என்று எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு வேறு ஞாபகம் வரும், அதனால் டேனிஷிலேயே விடுகிறேன்.

போரின்போது ஒளிந்திருந்து ஜெர்மானியரை எதிர்த்த கூட்டத்தின் தொடர்ச்சி அது. இன்னொரு முறை ஆயுதமில்லாமல் தூக்கத்தில் பிடிபடக்கூடாது என்ற வெட்கம். ஆட்கள் தொண்டர்கள், சம்பளம் இல்லை, துவக்கு வீட்டு அலுமாரியில். நான் வந்த புதிதில் என் வீட்டு உரிமையாளர், சைக்கிள் திருத்துகிற மனுசன், ஒரு நாள் கூடத்தில் பேப்பர் விரித்து ஒரு ரைஃபிளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கேக். ‘கோப்பி குடிக்கிறீரா?’ என்றார். நான் கதவிலேயே நின்றுவிட்டேன். அவர் காவல் காக்க வேண்டியது ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு ரயில் பாலமாம். சண்டை வந்தால் அவரும் இன்னும் எட்டுப் பேரும் அங்கே. இருபது வருஷமாக ஒரே பாலம்.

காகிதத்தளபதி:

ஒரு பாலத்துக்கு ஒன்பது பேர். இதை எப்படி அட்டையில் கொண்டுவருவது!

சரி, அப்புறம் இந்தக் கட்டளையகங்கள் எப்போது, ஏன் போயின? 1998இல் ஸ்டோரபெல்ட் பாலம் திறந்ததும் நீரிணை இல்லாமல் போய்விட்டது, ஆகவே இரண்டு தலைமை வேண்டாம் என்று ஆனது. சரிதானே?

பழைய_வரைபடம்:

கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, தேதி ஒத்துவரவில்லை. தரைப்படை முழுவதற்கும் ஒரே செயல்பாட்டுக் கட்டளையகம் காரூப்பில் 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ரயில் பாலம் 1997, கார் பாலம் 1998 ஜூன் 14. தலைமை முதலில் ஒன்றானது, நாடு அப்புறம்தான் ஒட்டியது.

போனதற்குக் காரணம் எதிரி. கிழக்கு ஜெர்மனி மறைந்தது, வார்சா ஒப்பந்தம் கலைந்தது. போலந்து 1999இல் நேட்டோவிலேயே சேர்ந்தது. அதே வருஷம் லேண்ட்ஜட்டை எடுத்து போலந்தின் ஷெட்சின் நகரில் டேனிஷ்-ஜெர்மன்-போலிஷ் கூட்டுக் கோராக மாற்றினார்கள். முதல் தளபதி ஹென்ரிக் ஏக்மான் என்ற டேனிஷ் ஜெனரல். சீலாந்தில் இறங்கப் போகிறான் என்று நாற்பது வருஷம் காத்திருந்தவனுடைய ஊரிலேயே போய் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தரைப்படைக்கும் வேலை மாறிவிட்டது. 1994 ஏப்ரல் 29 இரவு போஸ்னியாவில் துஸ்லா பக்கத்தில் ஐ.நா. வெள்ளைச் சாயம் பூசிய டேனிஷ் லெப்பர்ட் டாங்கிகள் செர்பியப் படையைத் திருப்பிச் சுட்டன, 72 குண்டுகள். அப்புறம் இராக், ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்ட். அதற்கெல்லாம் மண்டலமும் வேண்டாம், கிராமத்துக் கிடங்கும் வேண்டாம். விமானத்தில் ஏறிப் போகும் சிறு படை போதும். கிடங்குகளை விற்றார்கள், பட்டியல்களை மூடினார்கள்.

உப்புக்கணக்கு:

அங்கேதான் தப்பு செய்தார்கள் என்பேன். கிடங்கை விற்பது ஒரு நாள் வேலை. எந்த லாரி எந்த ஊரில் இருக்கிறது, எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும் என்று தெரிந்த ஆளை உருவாக்க இருபது வருஷம்.

பழைய_வரைபடம்:

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். 1995இல் உட்கார்ந்துகொண்டு 2022இன் உக்ரைன் போர் வரும் என்று பட்ஜெட் கேட்டிருந்தால் எந்த நாடாளுமன்றமும் சிரித்திருக்கும். ஆனால் பாதி உண்மை. கோடு திரும்ப வந்துவிட்டது பாருங்கள்: ஹேமவெர்னெட்டை இப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டு லான்ஸ்டேல் பிராந்தியங்களாகத்தான் பிரித்திருக்கிறார்கள். பெயர்கூட அதே சொல். 2019 முதல் டேனிஷ் டிவிஷனின் தலைமையகமும் பன்னாட்டு டிவிஷனாக மாறி, பாதி காரூப்பிலும் பாதி லாட்வியாவின் ஆடாசியிலும் இருக்கிறது. முன் கதவு ஷ்லெஸ்விக்கிலிருந்து லாட்வியாவுக்கு நகர்ந்திருக்கிறது. பின் வீட்டைக் காக்க மீண்டும் ஆள் வேண்டும்.

யூலன்ட்வாசி:

அந்தச் செலவுக்கு எங்கள் லீவு போனது! ஸ்டோர பேடடாவ் என்று வசந்த காலத்தில் ஒரு பெரிய பிரார்த்தனை நாள் இருந்தது, 1686இல் இருந்து. பாதுகாப்புச் செலவுக்கு வேண்டும் என்று 2024இல் இருந்து அதை வேலை நாளாக்கிவிட்டார்கள். சாமி கும்பிடாதவனெல்லாம் கோபன்ஹேகனில் ஊர்வலம் போனான்.

என் மகன் 18 வயதில் போய்ச் சீட்டு எடுத்தான். ஒரு பீப்பாயை உருட்டி அதிலிருந்து நம்பர் எடுப்பது. பெரிய நம்பர் வந்தால் தப்பினான். இவனுக்குப் பெரிய நம்பர், மனைவிக்கு நிம்மதி, அவனுக்கு ஏமாற்றம். 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகிற பெண் பிள்ளைகளும் சீட்டு எடுக்க வேண்டும். மருமகள் பெட்டை அடுத்த வருஷம் போகிறாள். அவள் இப்பவே ஹோல்ஸ்டெப்ரோ டிராகூன் (டாங்கிப்படை) முகாம்தான் வேண்டும், டாங்கி ஓட்ட வேண்டும் என்கிறாள்.

சுண்ணாம்புக்குகை:

போர்ன்ஹோம் தீவை யாருமே சொல்லவில்லையே? அது மேற்கா, கிழக்கா?

பழைய_வரைபடம்:

இரண்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அது ஸ்வீடனுக்கும் போலந்துக்கும் நடுவில் தனியாகக் கிடக்கிறது. டென்மார்க்கின் மற்ற இடங்களெல்லாம் 1945 மே 5 அன்று விடுதலையைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, போர்ன்ஹோமில் ஜெர்மன் தளபதி சோவியத்திடம் சரணடைய மறுத்தார். மே 7, 8 தேதிகளில் சோவியத் விமானங்கள் ரோன்னெ, நெக்ஸோ ஊர்களைக் குண்டு போட்டு நொறுக்கின. 9ஆம் தேதி செஞ்சேனை இறங்கியது, 1946 ஏப்ரல் 5 வரை இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தீவில் வெளிநாட்டு நேட்டோ படை கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது எழுதாத வழக்கமாக இருந்தது. டேனிஷ்காரர்களே தனிப் பாதுகாப்புப் படை வைத்திருந்தார்கள். போர் வந்தால் சீலாந்திலிருந்து உதவி வராது என்று அந்தப் படைக்கும் தெரியும், ரிங்ஸ்டெட்டுக்கும் தெரியும். 2022 மே மாதம் அமெரிக்க ராக்கெட் வண்டிகள் பயிற்சிக்காக அங்கே விமானத்தில் இறங்கியபோது ரஷ்யத் தூதர் கத்தியது இந்தப் பழைய கணக்கினால்தான்.

காகிதத்தளபதி:

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன்.

கிழக்குக்கு ஒரே அட்டை, இரண்டு பக்கமும் அச்சு: ஒரு பக்கம் ரிங்ஸ்டெட் பிராந்தியக் கட்டளையகம், திருப்பினால் லேண்ட்சீலாந்து. மேற்குக்கு இரண்டு தனி அட்டைகள். ஜட்லாந்து டிவிஷன் நகரும், ஓர்ஹூஸ் நகராது. ஆனால் ஓர்ஹூஸ் அட்டை பலகையில் இல்லாவிட்டால் உதவிப்படை துறைமுகத்தை விட்டு நகரக்கூடாது, அதற்கு ‘டீ விதி’ என்று பெயர் வைத்திருக்கிறேன், உப்புக்கணக்கு ஐயாவுக்காக. யூலன்ட்வாசி அண்ணாவின் சைக்கிள் கடைக்காரருக்கு ஒவ்வொரு பாலத்திலும் ஒரு சின்ன பச்சைப் புள்ளி. எதிரி அந்தப் பாலத்தில் ஒரு பகடை கூடுதலாக உருட்ட வேண்டும்.

மூன்றாம்பெஞ்ச்:

போர்ன்ஹோமுக்கு?

காகிதத்தளபதி:

ஒரு அட்டை. முதல் சுற்றில் தீவில் வைக்க வேண்டும், அப்புறம் தொடக்கூடாது.